ரவுட்டருக்கு மினி யுபிஎஸ்: பெட்டியில் போட்டிருக்கும் 4 மணி நேரம் கிடைக்குமா?

இரண்டு நொடி கரண்ட் போய் வந்தாலே போதும், ரவுட்டர் மறுபடி எழுந்து இணைப்பைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆன்லைன் தேர்வோ நேர்முகமோ நடந்துகொண்டிருந்தால் அந்த மூன்று நிமிடமே பெரிய இழப்பு. இந்த ஒரு வேலைக்காகவே, கரண்ட் போனதும் தன் பேட்டரியிலிருந்து ரவுட்டரை ஓட்டவே வந்திருப்பது 12 வோல்ட் மினி யுபிஎஸ். ஓக்டர், ரெசொனேட், குஸோர் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். உள்ளே லித்தியம் செல்கள், ஒரு சார்ஜிங் சர்க்யூட், 12 வோல்ட் வெளியீடு, அவ்வளவுதான். ரவுட்டரின் அடாப்டரை இதில் சொருகி, இதிலிருந்து வரும் வயரை ரவுட்டரில் சொருக வேண்டும். சரியாகப் பொருத்திய வீட்டில் கரண்ட் போனதை விளக்கு அணைவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வீர்கள், ரவுட்டர் அசையாது. வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். '6000 எம்ஏஎச்' (மில்லிஆம்பியர்-மணி) என்று பெரிய எழுத்தில் இருக்கும். இது பெரும்பாலும் மூன்று 2000 எம்ஏஎச் செல்களின் கூட்டல். ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட்தான், 12 வோல்ட் அல்ல. எனவே மொத்தச் சேமிப்பு 6 ஆம்பியர்-மணி × 3.7 வோல்ட், அதாவது 22 வாட்-மணி (ஒரு வாட் கருவியை 22 மணி நேரம் ஓட்டும் அளவு). அதை 12 வோல்ட்டாக உயர்த்தும்போது 15 சதவீதம் போல வெப்பமாகப் போகும் என்று வைத்தால், கைக்கு வருவது 19 வாட்-மணி. வைஃபையோடு சேர்ந்த ஃபைபர் மோடம் 8 வாட் இழுத்தால் 2 மணி 20 நிமிடம். 5 வாட் மட்டும் இழுக்கும் சின்ன மோடம் என்றால் 3 மணி 45 நிமிடம். '4 மணி நேரம் வரை' என்ற வாசகத்தில் கனம் முழுவதும் 'வரை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. வாங்கும்போது எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட்-மணியைத் தேடுங்கள்; பெட்டியில் இல்லையென்றால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பல இடங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை மின்சாரம் நிறுத்துவார்கள். அந்த ஐந்து மணி நேரத்தை மூன்று செல் மாடல் தனியாகத் தாங்காது. இதற்கு எளிய வழி, மினி யுபிஎஸ்ஸின் ஆன்-ஆஃப் ஸ்விட்சைப் பயன்படுத்துவது. வீடியோ கால் போன்ற இணைய வேலை இல்லாத நேரத்தில் அணைத்து வைத்து, தேவைப்படும்போது போடலாம். கம்ப்யூட்டருக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ்ஸை ரவுட்டருக்கு வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அதன் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது, ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் நான்கு மடங்கு நேரம் கிடைக்காது. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி 12 ஆக்குவதற்குள் கணிசமான பகுதி வீணாகிவிடும். அதோடு விடாமல் பீப் அடிக்கும்.

அடுத்தது அடாப்டர். வருகிற பல புகார்களுக்கு இதுதான் காரணம். கரண்ட் போகும்போது ரவுட்டர் நன்றாக ஓடுகிறது, கரண்ட் திரும்பி வந்த நொடியில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் யுபிஎஸ் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ரவுட்டருடன் வந்த அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் அதன் முழுத் திறனே 12 வாட். ரவுட்டருக்கு 8 வாட் போக, காலியான செல்களைச் சார்ஜ் செய்ய இன்னும் 8, 10 வாட் கேட்கும். அடாப்டர் திணறி வோல்ட்டேஜ் விழும், ரவுட்டர் படுத்துவிடும். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று மாற்றினால் தீர்ந்தது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் ஆபத்து இல்லை. ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். வோல்ட் மட்டும் மாறக் கூடாது. சில சின்ன ரவுட்டர்கள் 9 வோல்ட்டில் ஓடுபவை, சில 5 வோல்ட். அவற்றில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் சர்க்யூட் போய்விடலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

வயர் நுனியில் இருக்கும் பின் விஷயமும் சின்னதாகத் தெரியும், படுத்தி எடுக்கும். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருந்தாலும், நடுத்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 பின், 2.5 சாக்கெட்டில் நுழையாது; அது நல்லது, உடனே தெரிந்துவிடும். 2.5 பின், 2.1 சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆனால் தொளதொளவென்று நிற்கும். பெருக்கும்போது வயர் லேசாக அசைந்தாலே ரவுட்டர் அணைந்து எழும். நடுவில் பிளஸ், வெளியே மைனஸ் என்ற குறியும் ரவுட்டரிலும் மினி யுபிஎஸ்ஸிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மோடம் தனி, ரவுட்டர் தனி என்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர் வேண்டும். இரண்டும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் மேலே போட்ட கணக்கில் 1 மணி 15 நிமிடம்தான் மிஞ்சும்.

எல்லாம் சரியாகப் பொருத்தியும் இணையம் வரவில்லையா? மோடத்தில் சிக்னல் வராததைக் காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ஆபரேட்டரின் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி பொதுவாக இருக்காது. ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும்தான். அதனால் தெரு முழுக்க இருட்டானாலும் சிக்னல் வரும். கரண்ட் போனதும் எல்.ஓ.எஸ். சிவப்பில் மின்னினால் ஆபரேட்டரின் அறையில் பேக்கப் இல்லை என்று சந்தேகிக்கலாம். அடுக்ககங்களில் சில இடங்களில் ஃபைபர் கீழ்த்தளத்தோடு நின்று, அங்கிருந்து சாதாரண லேன் கேபிள் வீட்டுக்கு வரும். கீழே இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் கரண்ட் இல்லாமல் அணைந்தால் உங்கள் மினி யுபிஎஸ்ஸால் பயன் இல்லை. வாங்கும் முன்பே வீட்டுக்குள் வருவது எந்தக் கேபிள் என்று பார்த்துவிடுவது பணத்தைக் காப்பாற்றும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், முதலில் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைந்து பல ரவுட்டர்கள் தாங்கிவிடும். வோல்ட்டேஜ் அடிக்கடி இறங்கும் பகுதிகளில் மட்டும் இது பேட்டரியை அதிகம் இழுக்கும், ஏனெனில் யுபிஎஸ் நிலையில் குறைந்த வோல்ட்டேஜை இன்வெர்ட்டர் ஏற்காது. அப்படிப்பட்ட இடத்தில் மினி யுபிஎஸ்தான் நல்லது.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வருடம் முழுக்க சார்ஜிலேயே இருக்கும் லித்தியம் செல் இது. ஐ.எஸ். 16046 என்ற தரத்தின்படி பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு செல்லுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகள் வேண்டவே வேண்டாம். ரவுட்டரின் மேல் அடுக்கி வைப்பதும், டிவி அலமாரிக்குள் திணிப்பதும் செல்லின் ஆயுளைக் குறைக்கும். பக்கத்தில், காற்றோட்டமாக வையுங்கள். தொட முடியாத அளவு சூடு, பெட்டி உப்பியிருப்பது, இனிப்பு கலந்த இரசாயன வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் கழற்றிவிட்டு மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

பொருள் வந்ததும் முழு இரவு சார்ஜ் ஏற்றி, மறுநாள் அடாப்டரின் ஸ்விட்சை அணைத்து, ரவுட்டர் விழும் வரை நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் வந்த நேரத்தில் முக்கால் பங்குகூட ஓடவில்லை என்றால் செல்லில் போட்ட எண் பொய்யாக இருக்கலாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். குறித்த நேரத்தைப் பெட்டியின் மேலேயே ஒட்டி வைத்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கும்போது செல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஒப்பிட்டதும் தெரியும்.