தட்டைப் பிரிப்பதா, கிராமை எண்ணுவதா?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாவுச்சத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. தட்டு முறையில், 9 அங்குலத் தட்டில் பாதி காய், கால் பங்கு முட்டை, மீன் அல்லது பயறு, மீதிக் கால் பங்கில் சோறு. தராசு வேண்டாம். மாத்திரை மட்டும் எடுப்பவர்களில் பலருக்கு இதுவே போதும் என்போம். உருளைக்கிழங்குப் பொரியலைக் காய்க் கணக்கில் சேர்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அது சோற்றின் பங்கு. சோற்றைக் குவித்துப் போட்டாலும் கணக்கு கெடும்.

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டு, அளவைத் தாங்களே மாற்றிக்கொள்பவர்களுக்குக் கிராம் கணக்குதான் சரி. 100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. 150 கிராம் சோற்றுக்கு 42. மருத்துவர் 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் இன்சுலின் என்று சொல்லியிருந்தால் (இது ஆளுக்கு ஆள் மாறும்) சோற்றுக்கு மட்டும் 4 யூனிட். சாம்பார்ப் பருப்பு தனிக் கணக்கு.

இங்கே ஆபத்தான பிசகு ஒன்று உண்டு. வேகாத அரிசியில் 100 கிராமுக்கு 80 கிராமை ஒட்டி மாவுச்சத்து இருக்கும். அந்த எண்ணை வெந்த சோற்றின் எடைக்குப் போட்டால் இன்சுலின் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும்; சர்க்கரை வேகமாகத் தாழும். எடை போடும்போதே வெந்ததா, வேகாததா என்று குறித்துவையுங்கள்.