கியர் பொக்ஸை இறக்கச் சொல்லாத கராஜ்

எங்கள் பதினாலரை அடி லொறி இரண்டு மாதமாக நிறுத்திய இடமெல்லாம் ஒயிலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம் ஏற்றி ஹட்டனுக்குப் போய்வருகிற பழைய ஜப்பான் டீசல் வண்டி. கிழமைக்கு ஒரு லீற்றர் 15டபிள்யூ-40 எஞ்சின் ஒயில் ஊற்ற வேண்டியிருந்தது. சொட்டு விழுவது எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தில். வழக்கமாகப் போகிற கராஜில் குனிந்து பார்த்த கையோடு, "கிராங் பின் சீல் போயிட்டு, கியர் பொக்ஸ் இறக்கணும்" என்றார்கள். கிராங் தண்டு எஞ்சினின் பின்பக்கம் வெளியே வருகிற இடத்தில் ஒயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்தான் அந்தச் சீல். கூலி மட்டும் 45,000 ரூபாய்.

மச்சான்தான் புளூமெண்டல் வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற கராஜுக்குப் போகச் சொன்னான். போர்டு கிடையாது. பழைய லொறிக் கெபின் ஒன்று வாசலில் கிடக்கும், அதுதான் அடையாளம். கராஜ்காரரை எல்லாரும் நானா என்பார்கள், அறுபது வயதிருக்கும். சீல் கதையைச் சொன்னதும், "ஆரு தம்பி சொன்ன? கழுவிப் பாத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை. யாரும் கழுவவில்லை.

முதலில் சொட்டை விரலில் எடுத்து முகர்ந்தார். கியர் ஒயில் என்றால் கந்தக நாற்றம் அடிக்குமாம். இது எஞ்சின் ஒயில்தான். பிறகு ஒல்டர்னேட்டரைப் பொலித்தீனால் கட்டிவிட்டு, டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார்கள். அதிலேயே அரை நாள் போய்விட்டது. காய்ந்த எஞ்சின் மேல் பையன் பேபி பவுடரைத் தூவினான். எனக்குச் சிரிப்பு வந்தது. களனிப் பாலம் ஏறி வத்தளை வரை ஓட்டிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரின் பின் மூலையில் தொடங்கி, எஞ்சின் முதுகு வழியே இறங்கி, கியர் பொக்ஸ் சேருகிற இடத்துக்கு வந்து சொட்டுகிறது. சீல் பாவம், மேலே இருந்து வந்த பழியைச் சுமந்திருக்கிறது. கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சின் பின்பக்கம் சாயும்போது ஒயிலும் அந்த மூலைக்குத்தான் போய்த் தேங்கும். கொழும்புக்குள் ஓடுகிற நாட்களில் குறைவாகச் சொட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

டப்பட் கவர் ஒயில் கசியாமல் பொருந்தி உட்காரப் போடுகிற ரப்பர் கஸ்கட்டை மாற்றிவிட்டு அனுப்பியிருக்கலாம். நானா விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கழற்றி, அந்த ஓட்டையிலேயே சும்மா வைத்தார். கொதிக்கிற சோற்றுப்பானை மூடி மாதிரிக் குதித்தது. எஞ்சின் உள்காற்றை வெளியேற்றுகிற பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் களி அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாமல், உள்ளழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு மூடி அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானமாம், அது வேறு செலவு.

கஸ்கட்டை நான்தான் பஞ்சிகாவத்தைக்குப் போய் வாங்கினேன். கழற்றிய ரப்பர் தேங்காய்ச் சிரட்டை போல இறுகியிருந்தது. கசிவடைக்கிற சிலிக்கன் பசையை அப்பித் தள்ளாமல் மூலைகளில் மட்டும் ஒரு துளி வைத்தார்கள். பிதுங்கி உள்ளே விழுகிற சிலிக்கன் அடியில் ஒயில் தேங்குகிற சம்புக்குப் போய், ஒயில் உறிஞ்சுகிற வடியை அடைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து என்று பையனுக்கு அவர் கத்திச் சொன்னது எனக்கும் பாடம். கழுவிய கூலி, பூட்டிய கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய்.

குறையும் உண்டு. பில் கிடையாது, கொம்பனி வண்டி வைத்திருப்பவர்கள் கணக்கு எழுதச் சிரமப்படுவார்கள். போன் எடுக்கமாட்டார். பின்னேரம் தருகிறேன் என்ற வண்டி அடுத்த நாள் மத்தியானம்தான் கைக்கு வந்தது; ஒரு லோட் தவறிப்போனது. உட்கார ஒரு டயர்தான், அதிலும் பாதி நேரம் பூனை படுத்திருக்கும்.

அதன் பிறகு ஹட்டனுக்கு நாலு தரம் போய்வந்தாயிற்று. இரவில் வண்டிக்கு அடியில் மட்டைப்பெட்டி விரித்து வைத்துக் காலையில் பார்க்கிறேன். ஒயிலை வடிக்கக் கழற்றுகிற சம்ப் பிளக்கில் ஒரு பொட்டு மட்டும் ஈரம். அதைக் காட்டியபோது, "அடுத்த ஒயில் மாத்தக்குள்ள செம்பு வொஷர் ஒண்டு போடுங்க, இப்பக் கை வெக்காதீங்க" என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பினார். போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போகவேண்டாம். ஜும்மாவுக்குப் பூட்டினால் எப்போது திறப்பார் என்று அந்தப் பூனைக்குத்தான் தெரியும்.