பிடிப்பதா, வாசலை அடைப்பதா?

மண்டபம் கடல்பாசிச் சாறு வைரஸை அடக்குவது இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்தால் செல்கள் சுரக்கும் தற்காப்புப் புரதம்; ஆல்ஃபா, பீட்டா, காமா என்று வகைகள் உண்டு) வழியாகத்தானா என்று சோதிக்கும் தங்கச்சி, அதைத் தடுத்துப் பார்க்க எந்த ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் புரதம்) வாங்குவது என்று கேட்டாள்.

இன்டர்ஃபெரானையே பிடிக்கும் மோனோகுளோனல் (ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி) ஒரே கண்ணளவு வலை மாதிரி. மனிதனில் பீட்டா ஒன்றுதான், அதற்குப் போதும். ஆல்ஃபாவிலோ 12 வகைப் புரதங்கள்; சில நழுவிவிடும். ஏற்பியை (செல்லின் மேல் இன்டர்ஃபெரான் வந்து ஒட்டும் புரதம்) அடைக்கும் ஆன்டிபாடியோ ஆல்ஃபா, பீட்டா இரண்டுக்கும் பொதுவான வாசலைச் சாத்திவிடும். ஆனால் வேலை செய்தது எது என்று தெரியாது. காமாவுக்கு வாசலே வேறு.

முதலில் வாசலை அடைத்துப் பார், விளைவு மறைந்தால் பிறகு பீட்டாவைத் தனியே பிடி என்றேன். எதுவானாலும் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலக்காத குப்பி வாங்கு. அது செல்களையே கொல்லும். ஒருமுறை அப்படித்தான் என் செல் வளர்ப்புத் தட்டு முழுக்கச் செத்தது. அதே வகை, அதே அளவில் சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒன்றையும் ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு. மனிதப் புரதத்துக்கான ஆன்டிபாடி எலி செல்லில் பெரும்பாலும் பிடிக்காது என்பதையும் மறக்காதே.