வீட்டுப் பாலுக்கு எந்த ஆடு: ஜமுனாபாரியா, தலைச்சேரியா, கன்னியா?

நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் பால் போதும். ஆனால் அது வருஷம் முழுக்க வர வேண்டும். புதிதாக வெள்ளாடு வாங்குகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமல், சந்தையில் எது உயரமாக நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

உயரமாக நிற்பது ஜமுனாபாரி. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பக்கம், யமுனை, சம்பல் கரைகளில் உருவான இனம். கிளிமூக்கு, தொங்கும் நீளக் காது. நல்ல தீனி கிடைத்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் கறக்கும். ஆனால் அது புதர் புதராகத் தழை கடித்துத் திரிந்து பழகிய ஆடு. கொல்லையில் கட்டிப்போட்டால் அந்தப் பாலை எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். போதாததற்கு, காது நீண்ட கலப்பு ஆடெல்லாம் சந்தையில் ஜமுனாபாரி விலைக்குப் போகிறது.

கன்னி ஆடு விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மண்ணுக்கே உரியது. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையானால் பால்கன்னி, செம்மையானால் செங்கன்னி. வெயிலையும் வறட்சியையும் தாங்கும், இரட்டைக் குட்டி போடும். பேரில் பால் இருந்தாலும் இது கறி ஆடுதான். குட்டி குடித்தது போக டம்ளரில் மிஞ்சுவது கொஞ்சம்.

தலைச்சேரி கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம் பக்கத்து ஆடு. அரபு வணிகர்களோடு வந்த ஆடுகளும் உள்ளூர் ஆடுகளும் கலந்து உருவானது என்பார்கள். மழைக்குத் தாக்குப்பிடிக்கும், வீட்டோடு கட்டி வளர்க்கப் பழகியது, இரட்டைக் குட்டி சாதாரணம். நல்ல பெட்டை ஒரு லிட்டர் பக்கம் கறக்கும்.

ஆகவே என் ஓட்டு தலைச்சேரிக்கு. ஒன்றல்ல, இரண்டு. தனி ஆடு துணை தேடிக் கத்திக்கொண்டே இருக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: சினைக்காலம் ஐந்து மாதம், ஒரு ஈத்துக்கு, அதாவது ஒருமுறை குட்டி போட்டால், கறவை ஆறு மாதம் போல. ஆறு மாத இடைவெளியில் இரண்டும் ஈனும்படி பார்த்துக்கொண்டால் ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். ஒரே ஜமுனாபாரி எவ்வளவு கறந்தாலும் அது வற்றிய மாதங்களில் பாக்கெட் பால்தான்.

வாங்கும்போது இரண்டாம் ஈத்து ஆடாகக் கேளுங்கள். உங்கள் முன்னால் கறக்கச் சொல்லுங்கள். கறந்து முடித்ததும் மடி வெறும் பை போலச் சுருங்கித் தொங்க வேண்டும். அப்போதும் கெட்டியாக உருண்டு நின்றால் அது சதை மடி, வேண்டாம். முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக நின்றால் மடிநோய்.

தீனிக்கு வேலியோரம் அகத்தியும் கிளரிசிடியாவும் நடுங்கள். சூபாபுல் தழை மட்டுமே போடாதீர்கள், அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு ஆட்டு உடம்புக்கு ஆகாது. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கான தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாலைக் காய்ச்சியே குடியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது; ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு.

கிடா வாங்கவே வாங்காதீர்கள். அதன் வாடை கறவை இடத்தில் இருந்தால் பாலில் ஏறும். பெட்டை வாலை ஆட்டிக்கொண்டு ஓயாமல் கத்தினால் அது பருவத்துக்கு வந்துவிட்டது; அக்கம்பக்கத்து நல்ல கிடாவிடம் அன்றே ஓட்டிப் போங்கள். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும்.