ஏழு டீக்காரன் குடித்துப் பார்த்த சீன மூலிகைப் பெட்டி

எனக்கு ஒரு நாளைக்கு ஏழு டீ. கூட்டிச் சொல்லவில்லை, ஒரு வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டே பார்த்தேன். ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில், மீன் ஏலக் கடையில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் கரை திரும்பும் நாளென்றால் விடிகாலை மூன்றரைக்கெல்லாம் ஜெட்டியில் நிற்க வேண்டும். முதல் டீ அங்கே. கடைசி டீ சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுக்கு வரும் வழியில். ஒன்பதுக்குப் படுத்தால் பதினொன்றரை வரை ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மூன்றுக்கு அலாரம் அடிக்கும்.

பிரஷர் மாத்திரை எழுதி வாங்கப் போன இடத்தில் டாக்டரிடம் இதைச் சொன்னேன். "டீயையே விடச் சொல்லல. மத்தியானத்துக்கு மேல வேண்டாம்" என்றார். டீயில் இருக்கிற, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே நிற்கிறது. கணக்குப்பிள்ளைக்குக் கணக்காகச் சொன்னால்தான் உறைக்கும். உறைத்தது.

ஆனால் ஆறு மணிக்குக் கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லாவிட்டால் எனக்கு அன்றைய பொழுதே முடியாது. பால் குடித்தால் வயிறு மந்தம். சுக்குமல்லிக் காப்பி நல்லதுதான், தினமும் என்றால் நெஞ்செரிகிறது. இந்த நிலையில்தான் கீழக்கரையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். தொதல் என்ற இனிப்பு வாங்கப் போனவன் நான். கூட வந்தவர் அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர், அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். "நம்ம மகன் சிங்கப்பூர்ல இதத்தான் தினம் குடிக்கிறான், வாங்குங்க தம்பி" என்றார். வாங்கிவிட்டேன்.

ஆறு வகை, வகைக்கு ஐந்து பாக்கெட், மொத்தம் முப்பது. விலை 960 ரூபாய். பாக்கெட்டுக்கு 32 விழுகிறது. எங்கள் ஜெட்டி டீ 12 ரூபாய். பெட்டி முழுக்கச் சீன எழுத்து; மேலே ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் 'கஃபீன் இல்லாத மூலிகை டீ' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஸ்டிக்கரை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை.

வாங்கியது மே மாதம். குடித்த முதல் வாரமே அருமையாகத் தூங்கினேன். உடனே பாராட்டி எழுதியிருந்தால் பொய்க் கணக்காகியிருக்கும், ஏனென்றால் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் விசைப்படகு எதுவும் போகாது. மூன்று மணி அலாரமும் கிடையாது. அந்த 61 நாளில் வெந்நீர் குடித்தாலும் தூக்கம் வரும். அதனால் வகைக்கு ஒன்று ருசி பார்த்ததோடு நிறுத்தி, மிச்சத்தைத் தடை நீங்கிய பிறகு குடித்தேன்.

முதலில் சாமந்தி. இதைத்தான் அதிகம் எழுத வேண்டும். பாக்கெட்டைக் கிழித்தால் ஏழெட்டுக் காய்ந்த பூ, அழுத்தித் தட்டையாக்கின மாதிரி, கூடவே பத்துப் பன்னிரண்டு சிவப்பு கோஜிப் பழம். கண்ணாடி டம்ளரில் போட்டு, கொதித்து இறக்கிய நீரை ஊற்றினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொரு பூவாகப் புரண்டு இதழ் விரிக்க ஆரம்பித்தது. மூன்றாவது நிமிடத்தில் டம்ளருக்குள் ஒரு சின்னத் தோட்டமே நிற்கிறது. தண்ணீர் இளமஞ்சள். வாசனை, முதல் மழைக்கு நனைந்த வைக்கோல் மாதிரி. ருசியில் லேசான கசப்பு, தொண்டையில் லேசான இனிப்பு. ஊறின கோஜியைக் கடித்தால் உலர்திராட்சைக்கும் தக்காளிக்கும் நடுவில் ஒரு ருசி. மிளகாய், கத்திரி, தக்காளி குடும்பத்துச் செடிதான் கோஜியும் என்று பிறகு தெரிந்தபோது ஆச்சரியப்படவில்லை.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, சாமிக்குப் போடுற பூவ இப்படி வேகவச்சுக் குடிக்கிறீங்களே!" என்றாள். மாலைக் கடைப் பூவில் இனிமேல் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமே என்றும் கேட்டாள். கூடவே கூடாது. மாலைக்கு வளர்க்கும் சாமந்திக்குப் பூச்சி மருந்து அடிப்பார்கள். அது வாய்க்குப் போக வளர்த்த பூ இல்லை. டீக்கான வெள்ளைச் சாமந்தியைச் சீனாவில் தனியாகவே பயிர் செய்கிறார்கள். செஜியாங் மாகாணத்துப் பூவுக்குத்தான் அங்கே பேர். கோஜிக்கு நிங்ஷியா.

இதில் ஒரு விஷயம் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். முதல் தடவை போர்த் தண்ணீரில் போட்டுவிட்டேன். எங்கள் தெருத் தண்ணீரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, துணி துவைத்தால் நுரை வராது. பால் ஊற்றிய டீயில் அந்த உப்பு ஒளிந்துகொள்ளும். சாமந்தியில் ஒளிய இடமில்லை. கடலோரத்தில் பூ பறித்துத் தின்ற மாதிரி இருந்தது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததிலோ கேன் தண்ணீரிலோ போட்டால்தான் இதன் குணம் தெரியும். ஒரு பாக்கெட்டுக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்றலாம்; இரண்டாவது டம்ளர்தான் முதலாவதைவிட நன்றாக இருந்தது. அப்படிப் பார்த்தால் டம்ளர் பதினோரு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் கோஜியைத் தொட வேண்டாம், அந்த மருந்தோடு அது ஒத்துப்போகாது. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாமை தருகிறவர்களும் யோசித்துக் குடியுங்கள். ஸ்டிக்கரில் இதில் ஒரு வரிகூட இல்லை. கண்ணுக்கு ஒளி, ஈரலுக்குச் சுத்தம் என்று மட்டும் போட்டிருந்தது. என் கண்ணாடியின் பவர் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்தது செம்பழமும் லாங்கனும். ஸ்டிக்கரில் 'ரெட் டேட்' என்றிருந்ததால் பேரீச்சை என்று நினைத்தேன். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, நம்ம இலந்தை! சரியாகச் சொன்னால் இலந்தையின் சீனத்து ஒன்றுவிட்ட அண்ணன். அளவில் பெரிது, புளிப்பு இல்லை. பள்ளிக்கூட வாசலில் இலந்தை வடை வாங்கித் தின்றவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். லாங்கன் லிச்சி இனத்துப் பழம். இரண்டும் சேர்ந்து தித்திப்பு தூக்கலாகிவிடுகிறது. எனக்கு ஒரு டம்ளரே போதும் என்றாகிவிட்டது. சர்க்கரைக்காரர்கள் வீட்டில் இது வேண்டாம்.

பக்வீட் என்ற தானியத்தை வறுத்தது ஒரு வகை. பெயரில்தான் வீட், கோதுமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வறுத்த கடலை வாசனை, கடைசியில் கசப்பு. குடிக்கலாம், அவ்வளவுதான்.

குளிர்ச்சி டீ என்று ஒன்று. தென் சீனத்தில் கண்டோன் பக்கத்துப் பானம் இது. சீனத்தில் 'லியாங் சா' என்கிறார்கள், குளிர்ந்த டீ என்று பொருள். குளிர்ச்சி உடம்புக்கு, டம்ளரில் சூடாகத்தான் இருக்கும். 2006-இல் சீன அரசு இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றால், ராக்கண் முழித்தால், வாயில் புண் வந்தால் 'நெருப்பு ஏறிவிட்டது' என்பார்களாம். இதைக் காக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா இதே மூன்றுக்கும் 'சூடு பிடிச்சிருக்கு' என்றுதானே சொல்லுவாள்! அவள் பதநீரும் நன்னாரியும் கொடுத்தாள், அவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரில் பெரிய பாத்திரத்தில் காய்ச்சி வைத்து டம்ளர் டம்ளராக விற்கும் பழைய கடைகள் இருப்பதாக அவர் மகன் சொல்லியிருக்கிறான்.

சர்க்கரை போடாமலே இனிக்கிறது இந்த டீ. அதில் ஒரு பங்கு லுவோ ஹான் குவோ என்ற பழத்துக்கு. தென் சீனத்துக் குவாங்சியில் குயிலின் என்ற ஊர்ப் பக்கம் விளைவது, காய்ந்தால் உருண்டையாக, தட்டினால் உடைகிற ஓடு. அதன் இனிப்பில் சர்க்கரை ஏறாது என்பதால் இப்போது உலகமெல்லாம் தேடுகிறார்கள். இன்னொரு பங்கு இனிப்பு எங்கிருந்து என்று பார்த்தால் அதிமதுரம். அங்கேதான் நிறுத்தினேன். அதிமதுரம் தொண்டைக்கு நல்லது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் குடித்தால் பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நானோ மாத்திரைக்காரன். இரண்டு பாக்கெட்டோடு மூடி வைத்துவிட்டேன். மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அந்த ஸ்டிக்கர் விஷயம். தடை நீங்கி, படகுகள் போகத் தொடங்கிய மூன்றாவது நாளோ நான்காவது நாளோ சாயங்காலம் மல்லிகை டீயைப் போட்டேன். வாசனையைச் சொல்லி மாளாது. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடும் தோட்டங்களைத் தாண்டி அந்தி நேரத்தில் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசனை அப்படியே டம்ளரில். இரண்டு டம்ளர் குடித்தேன். அன்றைக்குப் பன்னிரண்டரை வரை தூக்கமில்லை. மறுநாள் ஏலத்தில் நகரை வகையைச் சீலா பத்தியில் எழுதி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சந்தேகம் வந்து, அடுத்த பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் ஊறவிட்டு, ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். மல்லிகை இதழ் மூன்றோ நான்கோ. மிச்சமெல்லாம் சுருண்ட பச்சை இலை. ஒன்றை விரலால் நீவி விரித்தால் ஓரம் முழுக்க ரம்பப் பல். மூணாறுக்குச் சுற்றுலா போனபோது பறித்துப் பார்த்த அதே இலை. சாட்சாத் தேயிலை! விசாரித்தால், மல்லிகை டீ என்பதே அப்படித்தான். சாயங்காலம் பறித்த மொட்டை, இரவு அது மலரும் நேரத்தில் பச்சைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். இலை வாசனையைக் குடித்துக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, மறுபடி புதுப் பூ. பச்சை, கறுப்பு, ஊலாங், பூஏர் என்று என்ன பெயர் வைத்தாலும் எல்லாம் ஒரே தேயிலைச் செடி, எல்லாவற்றிலும் கஃபீன் உண்டு. அதைக் கொண்டுவந்து 'கஃபீன் இல்லாத' பெட்டிக்குள் வைத்தது தப்பு. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஸ்டிக்கர் அங்கிருந்தே ஒட்டி வருகிறது என்றார். அங்கிருந்து என்றால் எங்கிருந்து என்று அவருக்கும் தெரியவில்லை.

வறுத்த பார்லியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் என் ஆறு மணியை மீட்டுக் கொடுத்தது அதுதான். பழுப்பு நிறம், பார்த்தால் கடுங்காப்பி. முதல் வாயில் ஏமாற்றம், இரண்டாவதில் பரவாயில்லை, நாலாம் நாள் ஆறு மணிக்குக் கை தானாக அதைத் தேடியது. தீய்ந்த தானிய ருசி. சோறு அடிப்பிடித்த பானையில் ஊற்றிய நீராகாரத்தைச் சூடாக்கின மாதிரி என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது பாராட்டு. சீனாவில் இதை 'தா மாய் சா' என்கிறார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் வீட்டுக்கு வீடு தண்ணீருக்குப் பதில் இதுதான். கஃபீன் துளியும் கிடையாது. குடித்த ஐந்து நாளும் பத்துக்குள் தூங்கிவிட்டேன். பார்லி தூங்க வைத்தது என்று சொல்ல மாட்டேன். டீ முழிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பாக்கெட் தீர்ந்ததும் 32 ரூபாய் உறுத்தியது. கர்ப்பிணிகளுக்குக் கால் வீக்கத்துக்குக் கஞ்சி வைக்க நாம் வாங்கும் அதே பார்லிதானே? மளிகைக் கடையில் கால் கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் கால் மணி நேரம் கைவிடாமல் வறுக்க வேண்டும். பொன்னிறத்தில் இறக்கினால் ருசி வராது, கறுத்தால் கசக்கும். காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்குங்கள், சட்டிச் சூட்டில் மீதி ஆகிவிடும். ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, பத்து நிமிடம் கொதி. பெட்டியில் வந்ததைவிட என் வீட்டுக்காரி வறுத்தது ஒரு படி மேல். சாயல்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அவர்களுக்குப் பக்வீட் இருக்கிறது.

ஆக, பெட்டியாக வாங்காதீர்கள். சாமந்தியும் கோஜியும் தனித்தனியாக, உதிரியாக, கண்ணால் பார்த்து வாங்குங்கள். பூவின் நிறம் கண்ணைப் பறிக்கிற மஞ்சளாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பார்லியை வீட்டில் வறுத்துக்கொள்ளுங்கள். சீனச் சரக்கா என்று நம் ஊர்க்காரர்கள் மூக்கைச் சுருக்கவும் வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் தோண்டியபோது எடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் பல நூறு வருஷத்துக்கு முந்தியவை. அந்தக் கிண்ணங்களில் நம் ஆட்கள் என்ன குடித்தார்களோ.

பெட்டியில் இன்னும் இரண்டு மல்லிகை பாக்கெட் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. படகு வரும் நாளில் ஃபிளாஸ்க்கில் போட்டு விடிகாலை மூன்றரைக்கு ஜெட்டிக்குக் கொண்டுபோகிறேன். ஐஸ் பெட்டி தூக்கும் பையன் ஒருவன் மூடியைத் திறந்ததும் மோந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கல்யாண வீட்டுல இருந்து நேரா வர்றீங்களா?" என்றான்.