ஒரே மாசிக்கு நாலு விலை

வண்டி 1989 மாடல் மாசி ஃபெர்குசன் 1035 டிராக்டர். மூன்று சிலிண்டர், 36 ஹெச்.பி. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு இரண்டு வருடம் கொட்டகையிலேயே நின்றது. விற்றுவிடலாம் என்று முடிவானதும் ஒரே வாரத்தில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் 48,000 என்றார். தரகர் 95,000. புது டிராக்டர் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் என்றால் 1,40,000. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் 1,20,000. வண்டி ஒன்றுதான். ஆனால் இரும்புக்காரர் எடையைப் பார்த்தார், தரகர் அடுத்த கையைப் பார்த்தார், ஷோரூம்காரர் என் பாக்கெட்டைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தது அந்த விவசாயி மட்டுமே.

இரும்புக் கடைக் கணக்கு எளிது. வண்டி 1,700 கிலோ சொச்சம். டயர் கனத்தைக் கழித்து 1,600 கிலோ, கிலோ 30 ரூபாய். இதற்குக் கீழே போகாது என்பதற்கான அடிமட்டம் இது, அவ்வளவுதான். அதோடு, ஓடும் நிலையில் உள்ள 1035-ஐ எடைக்கு வாங்குகிறவர் அதை உருக்க அனுப்பப் போவதில்லை. கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பம்பு, சிம்சன் இன்ஜின் என்று பிரித்துப் பிரித்து விற்பார். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி பல பத்தாண்டுகளாக மாசியைத் தயாரித்து வருவதால், பழைய பாகத்துக்கும் ஊரூராக ஆள் உண்டு. பிளாக் வெடித்து, ஹவுசிங்கும் விரிசல் விட்டிருந்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அப்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்துவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதற்கு 14 நாள்தான் தருகிறது.

ஷோரூம் விலைதான் என்னை முதலில் மயக்கியது. நாலு பேரில் அதுதானே பெரிய தொகை! மறுநாள் வேறொரு ஆளை அனுப்பி, பழைய வண்டி எதுவும் கிடையாது, ரொக்கம் தருகிறேன் என்று அதே புது மாடலைக் கேட்கச் சொன்னேன். அவருக்கு 45,000 தள்ளுபடி. எனக்குச் சொன்ன விலையில் அந்தத் தள்ளுபடி இல்லை. 1,40,000-இல் 45,000 போனால் 95,000, அச்சு அசலாகத் தரகர் சொன்ன விலை. காரணம் பிற்பாடு தெரிந்தது: ஷோரூமில் விடுகிற பழைய வண்டிகளை எடுப்பதும் அதே தரகர்தான். எக்ஸ்சேஞ்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. புது வண்டி எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அலைச்சல் மிச்சம். ஆனால் இரண்டு விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இதில் ஜி.எஸ்.டி. கதையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி சேர்க்காமல் ஏழு லட்சம் என்றிருந்த வண்டியில் 49,000 ரூபாய் குறைந்துவிட்டது. இதைக் காட்டித்தான் எல்லோரும் என் வண்டியின் விலையை அடித்தார்கள். இந்த அடி ஐந்தாறு வருட வண்டிகளுக்குத்தான் விழும் என்பது என் கணக்கு. 1989 மாடலைத் தேடி வருகிறவரும் புது வண்டி வாங்குகிறவரும் ஒரே ஆள் அல்ல. இன்னொரு பக்கம், டிராக்டர் டயருக்கும் பாகங்களுக்கும் வரி 18-இலிருந்து 5 ஆகியிருக்கிறது. அது பழைய வண்டிக்குச் சாதகம். பேரம் பேசும்போது இதை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

அடுத்து தரகர். அன்றைக்கே ரொக்கம், அன்றைக்கே வண்டி கிளம்பும். அவசரக்காரருக்கு இது பெரிய வசதி. சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. எங்கள் ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தது. முறைப்படி படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு விற்க முடியும். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று வெற்றுப் படிவத்தை நீட்டினார். அப்படிப் போகிற வண்டி பெயர் மாறாமலே மூன்று கை மாறும். நடுவில் டிரெய்லரோடு யார் மீதாவது மோதினால்? 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. 95,000 வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் பொறுப்பைத் தலையில் வைத்துக்கொள்ளத் தெம்பு வேண்டும். எனக்கு இல்லை.

ஆன்லைனில் படம் போட்டும் பார்த்தேன். "லாஸ்ட் பிரைஸ்?" என்று கேட்டவர்கள் நிறைய. நேரில் வந்தவர் ஒருவரும் இல்லை.

அபூர்வப் பொருள் என்று சொல்லி விற்கலாமே என்றார் சித்தப்பா. இங்கிலாந்தில் அதற்குச் சந்தை உண்டு, பழைய டிராக்டர்களுக்கென்றே ஏலம் நடக்கிறது. அங்கே கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்த சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. அவ்வளவு இருந்தும் இன்றும் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று உங்கள் கொட்டகையில் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். 1035 அந்த வம்சத்தில் வந்ததுதான், ஆனால் நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு 1035. அழகுக்கு வாங்க யாரும் வர மாட்டார்கள்.

ஆக, மிச்சம் அந்த விவசாயி. அவரிடம் பேசுவதற்கு முன் நான் செலவு செய்தது மூன்றுக்குத்தான்: பேட்டரி, ஆயில் மாற்றம், ஆர்.சி. அப்பா 2019-இல் புதுப்பித்த ஆர்.சி. 2024-இல் முடிந்திருந்தது. பத்து வருடமானால் டிராக்டரை உடைத்தே தீர வேண்டும் என்று ஒரு வதந்தி ஓடியதே, அதை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2023-இலேயே மறுத்துவிட்டது. முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வாரிசு பெயர் மாற்றத்தோடு இதையும் முடித்தேன். பின் டயர் பாதி தேய்ந்திருந்தது. புது டயர் போட்டால் அந்தக் காசு விலையில் முழுசாகத் திரும்பாது, அதனால் விட்டுவிட்டேன். பெயிண்டும் அடிக்கவில்லை.

அவர் காலை ஆறு மணிக்கு வந்தார். வந்ததும் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தார், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறேனா என்று. குளிர்ந்த இன்ஜின் இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. புகையைப் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, காற்று அடிக்கிறதா என்று உள்ளங்கையை வைத்தார். பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை அணைத்தார். டீ குடித்து முடிக்கும் வரை லிஃப்ட் இறங்கவில்லை.

"பெயிண்ட் அடிக்காம விட்டியே தம்பி, அதுவே போதும். அடிச்சிருந்தா எதை மறைக்கிறியோன்னு நினைச்சிருப்பேன்."

1,20,000 என்று தொடங்கியவர் 1,28,000-இல் நின்றார். பத்தாயிரம் அட்வான்ஸ், மீதி ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில், பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்த அன்று. தரகர் விலையைவிட 33,000 கூடுதல், நடுவில் ஐந்து வார அலைச்சல். கடைசியில் கொட்டகையில் கிடந்த கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) இரண்டையும் சும்மா கேட்டார். டயர் பாதிதானே இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன்.