சங்கத்துக்கு "டிஜிட்டல் சிஸ்டம்" செய்து தாறம் எண்டு வாறவையிட்ட கவனம்! எங்களுக்கு 185,000 ரூபா போச்சு

திருகோணமலையில சங்கம் நடத்துற ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ. மரண உதவிச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, எதெண்டாலும் சரி. நேற்றுத்தான் "இதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" எண்டு அவையிட்ட இருந்து மெசேஜ் வந்தது. கொதியில எழுதுறன். என்னென்ன பாக்கவேணும் எண்டும் கடைசியில விபரமாச் சொல்லுறன்.

எங்கடது மரண உதவிச் சங்கம். 400 குடும்பம், மாதச் சந்தா 100 ரூபா. ஒரு வீட்டில சாவு எண்டால் பந்தல், கதிரை, கைக்காசு எல்லாம் சங்கம்தான். செய்தி சொல்லுறதுதான் பெரும்பாடு. முந்தி ஒரு பெடியன் சைக்கிளில வீடு வீடாப் போய்ச் சொல்லுவான். இப்ப ஆக்கள் நிலாவெளி, தம்பலகாமம் எண்டு சிதறிப்போச்சினம்.

இதை மணந்து பிடிச்ச மாதிரி வந்தார் ஒருத்தர். சங்கங்களை "வளர்த்து விடுற" கொம்பனியாம். உறுப்பினர் பதிவு, எஸ்எம்எஸ், இணையத்தளம், பேஸ்புக் பக்கம் எல்லாம் ஒரே பக்கேஜ். நிர்வாக சபைக் கூட்டத்தில லப்டொப்பைத் திறந்து வைச்சு, "ஐயா, உங்கட நம்பரைச் சொல்லுங்கோ" எண்டு தலைவரிட்டக் கேட்டார். அடுத்த நிமிசம் தலைவரின்ட போன் சத்தம் போட்டுது. அனுப்பின ஆளின்ட இடத்தில நம்பர் இல்லை, இங்கிலிஸ் எழுத்தில சங்கத்தின்ட சுருக்கப் பேர்! உள்ளுக்குத் தமிழில "வணக்கம்". தலைவர் கண்ணாடியைப் போட்டு வாசிச்சு, பக்கத்தில இருந்தவரிட்ட நீட்டி, அவர் அடுத்தவரிட்டக் குடுத்து, போன் மேசையச் சுத்தி வந்துது. மூண்டு கொட்டேசன் இல்லாமல் ஒரு கதிரை வாங்கவும் விடாத பொருளாளர் ரீச்சர் செக் புத்தகத்தை எடுத்தா. "ரீச்சர், முழுக்காசும் கட்டினா 5,000 எஸ்எம்எஸ் இலவசம்" எண்டார். 185,000 ரூபா. சந்தாக் காசு.

5,000 எண்டால் 400 பேருக்குப் பன்னிரண்டு அறிவித்தல் அனுப்பலாம்தானே? நாலாவதோட முடிஞ்சுது. இங்கிலிஸ் எஸ்எம்எஸ் ஒண்டில 160 எழுத்துப் பிடிக்கும், தமிழில 70 தான். அதுவும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியா எண்ணும். "திருகோணமலை" எண்டு ஆறு எழுத்துப் போட்டால் பத்து. இறந்தவரின்ட பேர், வீடு, கிரியை நேரம் எழுதினால் ஒரு அறிவித்தல் மூண்டு எஸ்எம்எஸ் ஆயிடும். தமிழ்ச் சங்கத்துக்கு விற்க வந்த ஆளுக்கு இது தெரியாதா? அண்டைக்கு அந்த "வணக்கம்" மட்டும் ஏன் அனுப்பினவர் எண்டு இப்ப விளங்குது.

அஞ்சாவது வீட்டுச் செய்தி பதிவில முன்னுக்கு இருந்த அறுபது, எழுபது பேரோட நிண்டுட்டுது. தம்பலகாமத்து ஆக்கள் காடாத்துக்கும் போய்ச்சேரேல்ல. அந்த வீட்டார் இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. செயலாளர் நான்தானே.

போன் எடுத்தால் "சேர்வர் பிரச்சினை அண்ணா". பிறகு "ரெக்னிக்கல் ரீமிட்டச் சொல்லியிருக்கு". பிறகு "ஈமெயில் போடுங்கோ". போட்டால் "உங்கட கோரிக்கை கிடைத்தது" எண்டு தானாக வாற பதில், அதுவும் இங்கிலிசில. வந்து விற்ற பெடியனுக்கு எடுத்தால், "நான் இப்ப அங்க வேலை செய்யேல்ல அண்ணா". பேஸ்புக் பக்கத்துக்கு லைக் வந்தது உண்மைதான். ஆற்ற லைக் எண்டு பாத்தால் தமிழ் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத, படமில்லாத கணக்குகள்.

எல்லாத்தையும் விடுங்கோ, எங்கட பதிவையாவது தாங்கோ எண்டு கேட்டம். அதுக்கு இன்னும் 25,000 வேணுமாம்! 400 குடும்பத்தின்ட அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எல்லாம் அவையின்ட கையில. இணையத்தள முகவரியும் அவையின்ட பேரிலதான் பதிஞ்சிருக்கு. நல்ல காலம், ரீச்சர் கையால பதிவு எழுதி வைச்ச பழைய சீ.ஆர். கொப்பியை எறிய விடேல்ல.

இனி நீங்கள் பாக்கவேண்டியது. முழுக்காசையும் முதலே குடுக்காதேங்கோ. இணையத்தள முகவரி சங்கத்தின்ட பேரில, சங்கத்தின்ட ஈமெயிலில இருக்கவேணும். உங்கட உண்மையான அறிவித்தல் ஒண்டைத் தமிழில அனுப்பச் சொல்லி, எத்தினை எஸ்எம்எஸ் கழியுது எண்டு பாருங்கோ. வட்ஸ்அப் குழுவில 1,024 பேர் வரைக்கும் சேர்க்கலாம், காசில்லை, எங்களுக்கு அதுவே காணும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கெண்டு 2022 இல 9 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கு, ஒப்பந்தத்தில தரவு ஆருக்குச் சொந்தம் எண்டு எழுதி வாங்குங்கோ. மிச்சம் பிறகு எழுதுறன், வருசாந்தப் பொதுக்கூட்டம் கிட்டுது. அந்த 185,000 ரூபாவைக் கணக்கறிக்கையில எந்தத் தலைப்புக்குக் கீழ போடுறது எண்டு ரீச்சர் காலமையில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா.